நான் ஏறாத விமானம்

பிப்ரவரி 11, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கம்பளிச் சட்டை மாட்டி, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவோடு வீடியோவில் பேசினேன். சைதாப்பேட்டை விடுதியின் இரண்டாம் மாடி அறை. முதுகெல்லாம் வியர்வை. வின்னிபெக்கில் அப்போது சனிக்கிழமை இரவு ஏழரை. குளிர்காலத்துக் கனடாவில் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டால் என்ன சொல்வது? காக்கைகள் வேறு. போன வாரம் ஒன்று கரைந்துவிட்டது. பக்கத்து அறைக்காரி டிவி பார்க்கிறாள் என்று சமாளித்தேன்.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமல் கூடியிருக்கிறது.

"எத்தன டிகிரிம்மா இன்னைக்கு?"

"மைனஸ் இருபத்தொண்ணுப்பா." பேசுவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்வேன். அந்த மட்டில் நான் சுத்தம்.

"எம்மாடி! நல்லாப் போத்திக்கிட்டுப் படு. எத்தன கிலோமீட்டர்னு சொன்ன?"

"பதிமூணாயிரம்."

"நம்ம வண்டி பத்துத் தடவ மெட்ராஸ் போயிட்டு வந்த கணக்கு!" என்று சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகிவிட்டது.

அப்பா திருநெல்வேலி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது எடுக்கும், எங்கே நிற்கும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அவருக்கு இன்றும் பேச்சு. நான் கனடா போனபோது அவர் பண்ணாத அமர்க்களம் இல்லை. தெருமுனையில் என் படத்தைப் போட்டு ஃபிளக்ஸ் வைத்தார். 'கனடா செல்லும் எங்கள் வடிவுக்கு வாழ்த்துகள்' என்று கீழே இருபது பேர் தலைகள். அதில் பாதிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியாது.

வின்னிபெக்கில் முதியோர் இல்லத்தில் வேலை. பெர்மிட்டை நீட்டிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். போன அக்டோபரில் சென்னையில் வந்து இறங்கினேன். ஒரு வேலை கிடைத்த பிறகு வீட்டில் சொல்லலாம் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அது நாலு மாதமாகிவிட்டது. இப்போது அடையாறில் ஒரு அம்மாளுக்குப் பகல்நேரத் துணையாக இருக்கிறேன். வீட்டில் நான் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வீடியோவுக்காக ஒரு கம்பளி மஃப்ளர் வாங்கினேன். கடைக்காரர், "ஊட்டிக்காம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அவரிடமும் பொய்.

பிப்ரவரி 16, வெள்ளி

மத்தியானம் அடையாறு வீட்டுச் சமையலறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோமதி அக்கா கூப்பிட்டாள். எடுத்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "தூக்கத்துல எழுப்பிட்டேனோ?"

அங்கே நடுராத்திரி அல்லவா! நான் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "பரவாயில்லக்கா, சொல்லு" என்றேன். அதை எப்படிச் செய்தேன் என்று நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரல் முழுக்கச் சளியாம்.

"நீ பயந்துராத. அங்கன தனியாக் கெடக்க. அதான் சொல்லவா வேண்டாமான்னு யோசிச்சேன்" என்றாள் அக்கா. என்னை எழுப்பியதற்கு இன்னொரு முறை மன்னிப்பு கேட்டுவிட்டு வைத்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். இனிமேல் மருந்து இல்லை என்று அர்த்தம்.

அக்கா அழவில்லை. "வடிவு, வந்துரு. உன்னத்தான் கேட்டுக்கிட்டே கெடக்காக" என்றாள். பின்னால் ஆவுடை அத்தையின் குரல். அப்பாவின் தங்கை. ஏழு வீட்டுக்குக் கேட்கும். "எந்த பிளேனு கெடச்சாலும் ஏறி வரச் சொல்லுட்டி!"

வருகிறேன் என்றேன்.

அறைக்கு வந்ததும் லூர்து கேட்டாள். அவள் என் அறைத்தோழி. பாண்டி பஜாரில் புடவைக் கடையில் வேலை. என் கதை தெரிந்த ஒரே ஆள்.

"இன்னா, பேக் பண்ணலையா? இப்ப கெளம்புனா காலைல உங்க நைனாவப் பாத்துடலாம்."

"காலைல போய் நின்னா எப்படி வந்தேன்னு கேப்பாங்க லூர்து."

"கேட்டா சொல்லு."

"அவர் படுத்துக்கிட்டு இருக்கற கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டா சொல்லணும்? இத்தன நாளா ஏமாத்தினேன்னு?"

லூர்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். வின்னிபெக்கிலிருந்து சென்னைக்கு நேராகக் கோடு போட்டால் அது ஏறக்குறைய வடதுருவத்தின் மேலேயே போகிறது. ஆனால் நேராக வருகிற விமானம் கிடையாது. டொராண்டோ, துபாய், சென்னை. இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு பகல், ஒரு இரவு, அதற்கு மேலும் கொஞ்சம். டிக்கெட் கிடைக்க ஒரு நாளாவது ஆகும். ஆகவே நாளைக்கு அங்கே காலை விமானம் ஏறுவதாகச் சொன்னால் செவ்வாய் இரவு சென்னை, புதன் காலை திருநெல்வேலி. இதைவிடச் சுருக்கினால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படியே வீட்டுக்கு எழுதி அனுப்பினேன்.

மாடசாமி அத்தான், கோமதியின் கணவர், உடனே பதில் போட்டார். "பிளேன் நம்பர் எல்லாம் அனுப்பு வடிவு. போன்லயே எங்க பறக்குதுன்னு பாக்கலாம். மாமாவுக்குக் காட்டுவேன்."

உண்மையான விமானங்களைத் தேடி மூன்று எண்களை அனுப்பினேன். அனுப்பியதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்கே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

பிப்ரவரி 19, திங்கள்

அடையாறு அம்மாளிடம் பத்து நாள் விடுப்பு சொல்லிவிட்டேன். வேறு வேலை இல்லாததால் பெட்டியைத் துடைத்தேன். அக்டோபரில் ஒட்டிய விமான நிலையப் பட்டை இன்னும் கைப்பிடியில் இருக்கிறது. அதைக் கிழிக்கவில்லை.

மாலை ஏழு மணிக்கு, "ஏறிட்டேன்க்கா. போனை அணைக்கச் சொல்லுதாங்க" என்றேன்.

அக்கா போனை அப்பாவின் காதில் வைத்தாள். அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் என்னிடம் கேட்டார்.

"வண்டி எடுத்தாச்சா?"

"எடுக்கப் போறாங்கப்பா."

"எங்கெங்க நிக்கும்?"

"டொராண்டோ, துபாய், சென்னை."

"சரி. ஜன்னல் சீட்டா?"

"ஆமாப்பா."

"கைய வெளிய நீட்டாத" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா, நினைவு தப்பிச் சொன்னாரா தெரியவில்லை. அந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்பது கேட்டது. நான் போனை அணைத்தேன். அணைத்துத்தானே ஆகவேண்டும், விமானத்தில் இருக்கிறேனே.

அதற்குப் பிறகு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வழியில்லை. இதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. நான் ஒரு ராத்திரித் தூரத்தில் இருக்கிறேன், அப்பா மூச்சுக்குத் திணறுகிறார், போனை நானே அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

லூர்துவின் போனை வாங்கி அந்த விமானத்தைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் சின்னதாக ஊர்ந்துகொண்டிருந்தது. அத்தானும் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டொராண்டோவில் பனிப்புயல். நான் ஏற வேண்டிய துபாய் விமானம் கிளம்பவில்லை.

காலையில் எழுந்ததும் பார்த்தேன். விமானம் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் தாமதம் என்று போட்டிருந்தது. எத்தனை மணிக்கு என்று போடவில்லை. நான் ஏறாத விமானம் பனியில் மாட்டிக்கொண்டால் எனக்கென்ன? ஆனால் அதன் எண்ணை அனுப்பியது நான்தானே. அது நகர்ந்தால்தான் நான் நகரலாம்.

விமான நிலையத்தில் காத்திருப்பவள் போனைப் போடலாம் என்பதால் போட்டேன். அக்காவிடமிருந்து ஏழெட்டு அழைப்புகள். கூப்பிட்டேன்.

"பனியாமே வடிவு? அத்தான் பாத்துச் சொன்னாக. சாப்பிட்டியா? உக்கார எடமாவது குடுத்தானா?"

"அப்பா எப்படிக்கா?"

"நேத்து ராத்திரியிலேருந்து இழுத்துக்கிட்டுக் கெடக்கு. கண்ணு மூடல. எல்லாரும் பால் ஊத்தியாச்சு. நான் ஊத்துனேன், அத்தான் ஊத்துனாக, அத்தை ஊத்துனாக. கடைவாய் வழியா வெளிய வந்துருது. அத்தை சொல்லுதாக, வடிவு கையால ஊத்துனாத்தான் போவும், அவளுக்காகத்தான் உசுரப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காகன்னு."

எங்கள் பக்கம் அப்படித்தான். கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவார்கள். தூரத்தில் ஒரு பிள்ளை இருந்துவிட்டால், அது வந்து ஊற்றும்வரை உயிர் பிரியாது என்பார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். உயிர் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன். இன்று அந்த விளக்கம் எனக்கே உதவவில்லை. நான் போய்ச் சேராத ஒவ்வொரு மணிக்கும் அங்கே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

"காதுல வைக்கேன், பேசு" என்றாள் அக்கா.

மூச்சுதான் கேட்டது. அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். "அப்பா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

லூர்து பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். கடைக்குப் போகும் அவசரத்தில் இருந்தவள் பையைக் கீழே போட்டாள்.

"நீயெல்லாம் மனுசியா? அந்தாளு அங்க தவிச்சிக்கினு கீறாரு, நீ இங்க பிளேன் பாத்துக்கினு குந்திகினு கீறே! எழுந்து போடீ!"

போனேன். பொய் சொல்லவில்லை, போனேன். சாயங்காலம் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் திருநெல்வேலி வண்டி. பெட்டியை அடியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி எடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது. போய்க் காலில் விழுந்துவிடுவோம், என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று இருந்தது.

செங்கல்பட்டு நெருங்கும்போது விமானத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அது ஒருவழியாகக் கிளம்பியிருந்தது, கடலுக்கு மேலே. நான் காலையில் வீட்டுக்குள் நுழையும்போது அந்த விமானம் துபாயில் நின்றுகொண்டிருக்கும். அத்தான் கையில் போன் இருக்கும். ஆவுடை அத்தை இருப்பாள், தெருவே இருக்கும், அந்த ஃபிளக்ஸில் தலை காட்டிய அத்தனை பேரும் இருப்பார்கள். அவர்கள் நடுவில் அப்பா கண் திறந்து கிடப்பார். கடைசி மணியில் அவருக்கு இது தெரியவேண்டுமா? அவரை நிம்மதியாக அனுப்ப வேண்டாமா?

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்காகத்தான் என்று.

சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது எழுந்தேன். நடத்துனர், "என்னம்மா, திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்கயே எறங்குறீங்க?" என்றார்.

"ஒரு சாமான் மறந்துட்டேன்."

"அடுத்த வண்டி வரும்மா, அதுலயாச்சும் ஏறிருங்க" என்று பெட்டியை இறக்கிக் கொடுத்தார். அடுத்த வண்டி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

பிப்ரவரி 21, புதன்

விடியற்காலையில் விமானம் துபாயில் இறங்கியது. நான் போனைப் போட்டேன்.

அப்பா போய்விட்டார். 'அப்பா போயிட்டாங்க வடிவு. கஷ்டப்படல. பதறாம வா' என்று அக்கா அனுப்பியிருந்தாள்.

அதற்குப் பிறகாவது ஓடியிருக்க வேண்டாமா? துபாயிலிருந்து வரும் விமானம் மத்தியானம்தான் சென்னைக்கு வருகிறது. அதுவரை அறையில் இருந்தேன். அதற்குப் பிறகு மீனம்பாக்கம் போய்த் தூத்துக்குடி விமானத்தில் ஏறினேன். இது நிஜமான விமானம். ஒன்றரை மணி நேரம்தான். ஜன்னல் இருக்கைதான் கொடுத்தார்கள். அழுகையை அடக்கமுடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிப்ரவரி 22, வியாழன்

நேற்று இரவு வீட்டுக்குள் நுழைந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. "பாவம், எங்கேயிருந்து வாரா பாரு புள்ள" என்று யாரோ சொன்னார்கள். அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். எனக்காக வைத்திருந்தார்கள்.

ஆவுடை அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அந்தப் பனியைச் சபித்தாள். "பாழாப்போன பனி! ஒரு நாளு முந்திக் கொண்டாந்து விட்டுருந்தா எங்க அண்ணன் இவ மொகத்த முழிச்சுப் பாத்துருப்பாகளே!" என் பயணப் பெட்டியில் தொங்கிய பட்டையைத் தடவிப் பார்த்தாள். கோபத்தில் அதைக்கூடத் திட்டினாள்.

இன்று காலை எடுத்தார்கள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பெண்களெல்லாம் தெருமுனை வரை போய்த் திரும்பினோம்.

பிப்ரவரி 24, சனி

வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். "அவ தூங்கட்டும். அங்கத்து ராத்திரிதானே நமக்குப் பகலு" என்கிறார் அத்தான். தூக்கம் வராமல் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். துக்க வீட்டில் இருக்கும் வேலை எல்லாவற்றையும் அக்காதான் செய்கிறாள். எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனால் கையைப் பிடித்து உள்ளே அனுப்புகிறாள்.

வருகிறவர்களுக்கெல்லாம் அத்தான் என் பயணத்தை விவரிக்கிறார். எத்தனை கிலோமீட்டர், எந்த ஊரில் எவ்வளவு நேரம், எங்கே பனி. வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதையும் துக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 26, திங்கள்

கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன் வடிவு. அத்தான்கிட்டகூடச் சொல்லல. நீ என்னய மன்னிக்கணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னைக்கு ராத்திரி பாக்கச் சகிக்கல. நெஞ்சுக்கூடு ஏறி ஏறி எறங்குது. பிளேன் எங்க இருக்குன்னு பாத்தா கடலுக்கு மேல இருக்கு. நீ வந்து சேர எந்நேரம் ஆகுமோ. எல்லாரையும் செத்த வெளிய போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். கதவச் சாத்திட்டு, அப்பா காதுல போயி..."

ஈரக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்ன மாதிரிப் பேசுனேன். 'அப்பா, வடிவு வந்துட்டேன்ப்பா. இப்பத்தான் எறங்குனேன்'னு சொன்னேன். கரண்டில பால் ஊத்துனேன். கண்ணு தெரியல அவுகளுக்கு. ஆனா கேட்டுருக்கு. 'வண்டி வந்துருச்சா'ன்னாக. நல்லாக் கேட்டுச்சு எனக்கு. வந்துருச்சுப்பான்னேன். ஒரு மொடக்கு உள்ள போச்சு. அவ்வளவுதான்."

துணியை எடுத்தவள் அப்படியே வாளிக்குள் போட்டாள்.

"சாகக் கெடக்கவரப் போயி ஏமாத்தி அனுப்பிட்டனே! நீ அங்க பனிக்குள்ள கெடந்து தவிச்சுக்கிட்டு வார. உனக்குன்னு இருந்ததப் பிடுங்கிட்டேன். எனக்கு ஒறக்கமே வரல வடிவு. அந்தப் பாவம் என்னயச் சும்மா விடுமா?"

இந்த வீட்டில் பாவம் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன். "நீ நல்லதுதான்க்கா செஞ்ச" என்பது மட்டும்தான் வெளியே வந்தது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன். மன்னிக்கிறவளைப் போல!

பிப்ரவரி 27, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அத்தானும் அத்தையும் காரிய வேலையாக வெளியே போயிருந்தார்கள். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று, ஒரே மூச்சில் சொன்னேன். அக்டோபர், சைதாப்பேட்டை, போனை அணைத்தது, செங்கல்பட்டு, எல்லாம்.

அவள் திரும்பவில்லை. அரிசியில் கைவிட்டபடியே கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம நான் வான்னு கூப்பிட்டப்ப?"

"சென்னையில."

"அப்பா காதுல போன் வச்சேனே, செவ்வாக்கெழம. அப்ப?"

"சென்னையிலதான்க்கா."

தண்ணீரை வடித்தாள். மறுபடி தண்ணீர் பிடித்தாள். மறுபடி களைந்தாள். களைந்த அரிசியையே நாலைந்து தடவை களைந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"வீட்டுல யாருக்கும் சொல்லாத" என்றாள் கடைசியில். "அப்பா ஊர் பூராவும் சொல்லிட்டுப் போயிருக்காக, எம்மக பிளேன்ல வந்துக்கிட்டு இருக்கான்னு. அவுகளப் பைத்தியக்காரனாக்கிராத. பதினாறு முடிஞ்சதும் கெளம்பு. ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வருவாக. சிரிச்சுக்கிட்டுக் கையக் காட்டிட்டு உள்ள போயிரு."

"அக்கா..."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு. எந்த நேரத்துக்குப் பண்ணணும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் முன்னால் மட்டும் பேசுகிறாள். சாப்பிட வா என்கிறாள்.

மார்ச் 8, வெள்ளி

நேற்றுப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று வேன் பிடித்துப் பன்னிரண்டு பேர் தூத்துக்குடி விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஆவுடை அத்தை பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். "அங்க போயி நேரத்துக்குச் சாப்பிடு. ஒடம்பப் பாத்துக்க. அண்ணன் இல்லன்னு வராம இருந்துராத" என்று அழுதாள். நான் சிரித்துக்கொண்டு கையைக் காட்டினேன். அக்கா கையைக் காட்டவில்லை. வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாலைக்குள் சைதாப்பேட்டை வந்துவிட்டேன். லூர்து ஊறுகாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 9, சனி

பொறுக்க முடியாமல் காலையில் அக்காவைக் கூப்பிட்டேன். பேச வேண்டும் போலிருந்தது, வேறொன்றுமில்லை. எடுத்ததும் நான் வாய் திறப்பதற்குள் அவள் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"வடிவுதான்! துபாய்ல எறங்கிட்டாளாம்! நல்லாருக்காளாம், இட்லி கெடச்சுச்சாம், சாப்பிட்டாளாம். அடுத்த பிளேனுக்கு நேரமாச்சாம், வச்சிருதேன்னு சொல்லுதா!"

அந்தப் பக்கம் அத்தை, "இட்லி கெடச்சுதாமா! நல்லதாப் போச்சு" என்றாள். அக்கா வைத்துவிட்டாள்.

தடுமாறவே இல்லை. சாகக் கிடந்தவரிடம் ஒரு வார்த்தை பொய் சொன்னதற்காகத் தூக்கம் வராமல் அழுதவள் அவள். இட்லியை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். இதை அவளுக்குப் பழக்கிவிட்டது நான். நாளைக்கு டொராண்டோ, நாளை மறுநாள் வின்னிபெக், அதற்குப் பிறகு பனி, வெயில், வேலை, எல்லாவற்றையும் அவள்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் விசிறிக்குக் கீழே படுத்திருப்பேன்.

மாலையில் கிளாம்பாக்கம் போனேன். பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை. செங்கல்பட்டில் வண்டி நின்றபோது முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் வாசலில் ஆவுடை அத்தை கோலப்பொடியோடு நின்றாள். துக்க வீட்டில் கோலம் உண்டா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் போல, பொடியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி! நீ இந்நேரம் ஆகாசத்துலல்லா இருக்கணும்? பிளேனு திரும்பி வந்துருச்சா?"

"பிளேன் ஏதும் இல்லத்த. போன மாசமும் இல்ல. அப்பா இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப நான் சென்னையிலதான் இருந்தேன். அக்டோபர்லேருந்தே அங்கதான் இருக்கேன். அன்னைக்கு பஸ்ல ஏறி, பயந்து, பாதியில எறங்கிட்டேன்."

அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. பின்னால் அத்தான் போனும் கையுமாக வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அக்கா.

அத்தை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாது" என்றேன் நான் அவசரமாக.

"தெரியும் அத்தை" என்றாள் அக்கா.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்தாள். கோலப்பொடி மடியெல்லாம் கொட்டியது. "ஒரு ராத்திரி" என்றாள். "ஒரு ராத்திரித் தூரத்துலயாட்டி இருந்த?" பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "எண்ணே! எண்ணே!" என்று கத்த ஆரம்பித்தாள். அப்பாவை எடுத்த அன்றுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். என்னை யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டுப் பதறி ஓடிவந்தாள். வெளியில் தனியாக நின்ற என்னிடம்தான் கேட்டாள்.

"என்னாச்சு? யாரு போயிட்டா?"

"அப்பா" என்றேன்.